மீட்டர் கலியமூர்த்திக்காக நான் நடந்த வரப்புகள்

கரும்புத் தோட்டத்தில் நிலத் தரகர் நடேசனைக் கொன்றது யார்?

எனக்கு இன்றுவரை தெரியவில்லை. புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் தப்பு என்பது மட்டும் தெரியும். அந்தத் தப்புக்குக் காரணம் நான்தான் என்பது போன மாதம் தெரிய வந்தது.

பயப்பட வேண்டாம். நடேசன் கதையில் செத்தவர். அந்தக் கதை, மறைந்த எழுத்தாளர் புலன்விழியின் 'மீட்டர் கலியமூர்த்தி' துப்பறியும் வரிசையில் நாற்பத்தோராவது நாவல், அதுவே கடைசி நாவல். அந்த எழுத்தாளரிடம் ஏழு வருடம் வேலை பார்த்தேன். என் வேலை தப்புக் கண்டுபிடிப்பது. இப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. மூன்று வயதில் யாழினி என்று ஒரு மகள் இருக்கிறாள். பதிப்பகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தீபிகா என்ற பெண் என்னை எல்லோரிடமும் "சாரோட ரிட்டயர்டு ஸ்டாஃப்" என்று அறிமுகம் செய்கிறாள். முதலில் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் வேறு என்ன சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை.

கலியமூர்த்தியைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அவர் போலீஸ் இல்லை, வக்கீல் இல்லை. புதுச்சேரி மின்துறையில் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுப்பவர். கையில் ஒரு நோட்டு, காதில் ஒரு பென்சில். அவர் வந்தால் யாரும் பேச்சை நிறுத்துவதில்லை. சண்டை போடுபவர்கள் அவருக்கு வழிவிட்டு நின்று சண்டையைத் தொடர்வார்கள். ஊருக்குப் போயிருக்கிறோம் என்று சொன்ன வீட்டில் தொண்ணூறு யூனிட் ஏறியிருந்தால் அவருக்குப் போதும். உள்ளே யாரோ ஃபேன் போட்டுக்கொண்டு ஒளிந்திருக்கிறார் என்று புரிந்துகொள்வார். ஆனால் சத்தம் போடமாட்டார். யாராவது பொய் சொன்னால், "அப்படியா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நோட்டில் எதையோ எழுதிக்கொள்வார். நாற்பத்தொரு நாவலிலும் அவர் உண்மை சொல்பவரிடம் "அப்படியா?" என்று கேட்டதே இல்லை. நான் எண்ணியிருக்கிறேன். பிரசவத்துக்கு மருத்துவமனைப் பையில் துணிகளை எண்ணியதைவிடக் கவனமாக எண்ணியிருக்கிறேன்.

வேலை கிடைத்ததே ஒரு புகார்க் கடிதத்தால்தான். கல்லூரி முடித்து வீட்டில் இருந்தபோது, மனசு கேட்காமல் எழுதினேன். 'மதிப்பிற்குரிய ஐயா, இருபத்திரண்டாம் நாவலில் கலியமூர்த்தி திருக்கனூரிலிருந்து செல்லிப்பட்டுக்கு எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்துப் பத்து நிமிடத்தில் போகிறார். முடியாது. மேலும், ஒன்பதாம் நாவலில் இறந்துபோன அவருடைய தாயார் பதினேழாம் நாவலில் அவருக்குக் கருவாட்டுக் குழம்பு ஊற்றுகிறார். தவறாக நினைக்க வேண்டாம்.' அனுப்பிவிட்டு மூன்று நாள் தூக்கம் வரவில்லை. ஒரு பெரிய மனிதரை இப்படிக் கேட்கலாமா என்று இன்னொரு மன்னிப்புக் கடிதமும் எழுதி வைத்தேன். அதை அனுப்புவதற்குள் தபால் அட்டை வந்துவிட்டது. 'நாளைக்கு வில்லியனூருக்கு வரவும். தாயார் விஷயம் அவசரம்.'

புலன்விழி என்பது பேனாப் பெயர். அவருடைய உண்மையான பெயர் இருசப்பன். நூற்பு ஆலையில் ஷிஃப்ட் கிளார்க்காக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். பருத்த உடம்பு, எந்தக் காலத்திலும் கையில் ஒரு குடை. நான் போய் நின்றதும் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"நீதான் அந்தக் கடுதாசியா?"

"ஆமாங்க சார். மன்னிச்சிக்கங்க சார்."

"இன்னாத்துக்கு மன்னிக்கிறது? நீ வூட்ட வுட்டுக் கெளம்புறப்ப காஸை அணைச்சியா?"

"அணைச்சேன்னுதான் நினைக்கிறேன் சார். மூணு தடவை பார்த்தேன். ஆனா மூணாவது தடவை பார்க்கிறப்போ தெரியாம கை பட்டுத் திறந்திருக்குமோன்னு..."

"கிருஷ்ணவேணி!" என்று மனைவியை உள்ளே பார்த்துக் கத்தினார். "இந்தப் பொண்ணுக்கு ஒரு காப்பி போடு. கெடச்சிட்டா!"

பிறந்ததிலிருந்து எல்லோரும் நோய் என்று சொன்ன ஒன்றை அவர் மட்டும் தகுதி என்று சொன்னார். அதற்காகவே அவரிடம் இன்னும் இருபது வருடம் வேலை பார்த்திருப்பேன்.

முதல் வருடம் முழுக்கப் பழைய நாவல்களைப் படித்துக் குறிப்பேடு தயாரித்தேன். கலியமூர்த்தியின் இடது முழங்கையில் தழும்பு, நண்டு சாப்பிட்டால் அரிப்பு, சைக்கிளுக்குப் பின் கேரியர் கிடையாது. தாயாரைப் பற்றி விவாதித்து, பதினேழாம் நாவலில் குழம்பு ஊற்றியது சித்தி என்று மறுபதிப்பில் மாற்றினோம். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பித்தது. அந்த வேலைக்குப் பெயர் நடை.

சாருடைய சட்டம் இது. கொலை கற்பனை, கொலை நடக்கும் இடம் கற்பனையாக இருக்கக் கூடாது. எந்த நிறுத்தத்தில் இறங்கி, எந்த வரப்பில் ஏறி, எத்தனை நிமிடத்தில் கொலைகாரன் போய்ச் சேர்ந்தான் என்று கையெழுத்துப் பிரதியில் இருக்கிறதோ, அதை நான் கடிகாரத்தோடு மூன்று முறை நடந்து பார்க்க வேண்டும். முதலாவது சாதா நடை. இரண்டாவது அவசர நடை. மூன்றாவது சுமை நடை. சுமை என்றால் பிணம்.

போனில் மேப் பார்த்தால் போதாதா என்று ஒருமுறை கேட்டேன்.

"மேப்புல சேறு இருக்குதா?"

"இல்லீங்க சார்."

"நாயி?"

"இல்லீங்க சார்."

"அப்புறம் கொலைகாரன் எப்பிடி லேட்டா வருவான்? கெளம்பு."

மூன்று நடையும் முடிந்து எல்லாம் பொருந்தினால் பிரதியின் முதல் பக்கத்தில் நான் 'ச.' என்று எழுத வேண்டும். ச. என்றால் சங்கீதா. அந்த எழுத்து இல்லாமல் அச்சுக்குப் போகாது. புத்தகத்தின் உள்ளட்டையிலும் ஒரு வரி வரும்: 'இந்நாவலில் வரும் தூரங்களும் நேரங்களும் நடந்து பார்க்கப்பட்டவை. — ச.' கல்யாணப் பத்திரிகையில் என் பெயரைப் பார்த்தபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. இதை என் கணவர் படிக்கமாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

சுமை நடைக்கு அவரைத்தான் பயன்படுத்தினேன். பிரபு, சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். கல்யாணமான மூன்றாவது மாதம், செல்லிப்பட்டு ஆற்றங்கரையில், இரண்டு இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு என் புருஷன் நடக்க, நான் பின்னால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இன்னாபா, அரிசி போடுறாங்களா? எங்க?"

"இல்லீங்க, இது சும்மா..." என்று பிரபு மூச்சு வாங்கினார்.

"சும்மாதான் போடுறாங்களாம்டி! ஓடுங்க, பையை எடுத்துக்கினு வாங்க!"

மூடிக் கிடந்த ரேஷன் கடைகளை எப்போது திறப்பார்கள் என்று எங்கள் ஊர்ப்பக்கம் எல்லோரும் காத்திருந்த காலம் அது. ஐந்து நிமிடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் பையோடு எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். பிரபு வேகமாக நடந்தார். அவர்களும் வேகமாக நடந்தார்கள். கடைசியில் நான் நின்று, "இது அரிசி இல்லீங்க, பிணம்" என்று விளக்கம் சொல்லப்போய், அது இன்னும் மோசமாகிவிட்டது. சாரிடம் வந்து சொன்னபோது குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டு, "நேரம் இன்னா ஆச்சு?" என்றார். பதினேழு நிமிடம் சார், ஆனால் கூட்டம் துரத்தியதால் இரண்டு நிமிடம் குறைந்திருக்கலாம் என்றேன். பத்தொன்பது என்று திருத்திக்கொண்டார்.

அவரிடம் இன்னொரு முறையும் இருந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் களை. ஒவ்வொரு பிரதியிலும் வேண்டுமென்றே ஒரு தப்பை நட்டு வைப்பார். எங்கே என்று சொல்லமாட்டார். "ஒரு களை வுட்டிருக்கேன். புடுங்கிக்கினு வா" என்பார். நான் கண்டுபிடித்துச் சொன்னதும் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு பழுப்பு உறையை எடுத்துக் கொடுப்பார். உறையின் மேல் நாவலின் எண் இருக்கும், வாய் பின் அடித்து மூடியிருக்கும். உள்ளே அந்த இடத்துக்கான சரியான பக்கங்கள் முன்பே எழுதித் தயாராக இருக்கும். முதல் தடவை அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

"என்னை நம்பலைங்களா சார்?"

"நீ என்னை நம்பிடக் கூடாதுல்ல. அதுக்குத்தான். இவுரு பெரிய ஆளு, தப்பா எழுத மாட்டாருன்னு ஒரு நாளு நெனச்சியோ, அன்னிக்கி உன் உத்தியோகம் போச்சு."

அப்படியே பதினெட்டு நாவல்கள் போயின. பதினெட்டு களைகளையும் பிடுங்கினேன். இனி வருவது பத்தொன்பதாவது.

கடைசி நாவலின் பெயர் 'பெரிய வரப்பு'. படிக்காதவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளலாம். நிறுத்தமாட்டீர்கள் என்று தெரியும், நானும் நிறுத்தமாட்டேன்.

கரிக்கலாம்பாக்கத்தில் வயல்களெல்லாம் மனைகளாக மாறிக்கொண்டிருக்கும் பக்கம். ஒரு பெரிய வரப்பு. அதற்கு அப்பால் ஒரு கோழிப் பண்ணை, அதை ஒட்டிக் கரும்பு. கரும்புக்குள் நடேசனின் பிணம். ஆடு மேய்த்த பெண் ஒருத்தி, நான்கு மணிக்குக் கரும்புக்குள்ளிருந்து சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் ஒருவர் வெளியே வந்ததைத் தூரத்திலிருந்து பார்த்ததாகச் சொல்கிறாள். புதுச்சேரிக் காவலர்களுக்குத்தான் சிவப்புத் தொப்பி. தமிழ்நாட்டில் அது கிடையாது. எந்தக் காவலர் என்று எல்லோரும் தேடுகிறார்கள். கடைசி அத்தியாயத்தில் கலியமூர்த்தி சொல்கிறார்: பெரிய வரப்போடு புதுச்சேரி முடிந்துவிடுகிறது. அந்தப் பக்கம் தமிழ்நாடு. நம் ஊர்க் காவலர் தொப்பியோடு அங்கே கால் வைக்கமாட்டார். உள்ளூர்க்காரன் எவன் போலீஸ் வேடம் போட்டாலும் அந்த இடத்துக்குச் சிவப்புத் தொப்பி போடமாட்டான். எல்லை எங்கே என்று தெரியாத வெளியூர்க்காரன்தான் போடுவான். ஆகவே கொலைகாரன், மனை போட வந்த மெட்ராஸ்காரர் ரமணி.

எங்கள் பக்கத்தில் இரண்டு வயல் நடந்தால் மாநிலம் மாறும், இன்னும் இரண்டு வயல் நடந்தால் திரும்ப நம் மாநிலம் வரும். இங்கே பிறந்த ஒருவரால்தான் இப்படி ஒரு துப்பை யோசிக்க முடியும். படித்துவிட்டுப் புல்லரித்துப் போனேன். ஆனால் அந்தப் பிரதியில் எவ்வளவு தேடியும் களை கிடைக்கவில்லை. சார் அப்போது மருத்துவமனையில் இருந்தார், நெஞ்சுவலி. உடம்பு முடியாததால் இந்தத் தடவை களை விடவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நடைதான் பாக்கி. நான் ஏழு மாதம்.

"மாசமா இருக்கிறவ பொணம் கெடந்த எடத்துக்கா போவா?" என்று என் மாமியார் வாசலை மறித்தார்.

"அத்தை, அங்க பிணம் கிடக்கலை. கதையிலதான் கிடந்துச்சு."

"கதையில கெடந்தாலும் பொணம் பொணந்தான்டி."

இடுப்பில் வேப்பிலை செருகிக்கொண்டு போனேன். பிரபு பின்னால் தண்ணீர் பாட்டிலோடு வந்தார். சுமை நடை வேண்டாம் என்று டாக்டர் சொன்னாரா என்று என்னைக் கேட்டார். எனக்குத்தான் சொன்னார், உங்களுக்கு இல்லை என்றேன்.

நேரமெல்லாம் சரியாக இருந்தது. பெரிய வரப்பு, கோழிப் பண்ணை, கரும்பு, எல்லாம் எழுதியபடியே. பண்ணைக்காரர் ஏழுமலை கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து எங்களை அளவெடுத்தார்.

"எத்தினி மனை போடப் போறீங்க?"

"மனை இல்லீங்கண்ணா. இந்த இடம் தமிழ்நாடுதானே?"

"யாரு சொன்னது? இதுவும் பாண்டிதாம்மா. தமிழ்நாடு அந்தாண்ட, வாய்க்காலத் தாண்டி."

"பெரிய வரப்புதானே எல்லை?"

"அது எங்க தாத்தனும் சித்தப்பனும் சண்ட போட்டுப் பிரிச்ச வரப்பு. கம்பத்தப் பாரு. நம்ம ஊரு கரண்டுக் கம்பம். மீட்டரு பாக்குறதுக்கு நம்ம ஆளுதான் வராரு."

அண்ணாந்து பார்த்தேன். கம்பத்தில் எங்கள் மின்துறை எண் பளிச்சென்று எழுதியிருந்தது. அவருடைய கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் பிரபுவைப் பார்த்து, "வலி எடுத்துடுச்சா? வண்டி சொல்லட்டுமா?" என்று எழுந்தே விட்டார்.

வலி இல்லை. நான்காம் அத்தியாயம் ஞாபகம் வந்துவிட்டது. அதில் கலியமூர்த்தி அந்தக் கோழிப் பண்ணைக்குப் போய் ரீடிங் எடுக்கிறார். தமிழ்நாட்டுப் பண்ணையில் அவர் எப்படி ரீடிங் எடுப்பார்? நான்காம் அத்தியாயத்தில் புதுச்சேரியாக இருந்த இடம் கடைசி அத்தியாயத்தில் தமிழ்நாடாகிவிட்டது. சிவப்புத் தொப்பித் துப்பு நிற்காது. ரமணி நிரபராதி. ஐந்து முறை படித்தும் என் கண்ணில் படாதது, ஒரு கம்பத்தைப் பார்த்ததும் பட்டது.

சேற்றுக் காலோடு மருத்துவமனைக்கு ஓடினேன். வழியெல்லாம், "சார், களை இருக்கு சார்" என்று சொல்ல ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். ஆனால் அவர் பாதியாக இளைத்திருந்தார். குடை கட்டில் கம்பியில் தொங்கியது. அதற்கு முந்தைய வாரம் என்னை இரண்டு முறை வேறு பெயரில் கூப்பிட்டிருந்தார். சாப்பிட்டியா என்று கேட்டு, நான் சாப்பிட்டேன் என்று சொன்ன பிறகு, திரும்பவும் சாப்பிட்டியா என்று கேட்டிருந்தார். என் மனசு உடனே கணக்குப் போட்டுவிட்டது. இது களை இல்லை, சாருக்கு நினைவு தப்ப ஆரம்பித்துவிட்டது, அதனால் வந்த தப்பு. இப்போது போய், உங்கள் கடைசி அத்தியாயமே இடிந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? அதிர்ச்சியான விஷயம் எதுவும் பேசக் கூடாது என்று நர்ஸ் வேறு சொல்லியிருந்தார்.

"வரப்பு?" என்றார் சார்.

"சரியா இருக்குங்க சார்."

"அந்தாண்ட?"

"அந்தாண்ட தமிழ்நாடுதாங்க சார்."

என் சேற்றுக் காலைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார். பிறகு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்படியா?" என்றார்.

நாற்பத்தொரு நாவலில் அந்த வார்த்தையை எண்ணியவள் நான். அன்றைக்கு என் காதில் விழவில்லை. பாவம், பேச முடியாமல் ஒரு வார்த்தையில் முடித்துக்கொள்கிறார் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"போடு, ச." என்றார். போட்டேன். பிரதி அன்றே அச்சுக்குப் போனது. மறுநாள் அவர் வீடு திரும்பினார். இரண்டு வாரம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். புத்தகம் வந்த வாரம் யாழினி பிறந்தாள். நான் ஓய்வு பெற்றது அப்படித்தான்.

மூன்று வருடமாக அந்தப் பொய்யை நல்ல பொய் என்றுதான் வைத்திருந்தேன். நோயாளி நிம்மதியாகப் போனார், யாருக்கு என்ன நஷ்டம்? போன மாதம் தீபிகா போன் செய்தாள்.

"அக்கா, 'பெரிய வரப்பு' மறுபதிப்பு வருது. ரிலீஸ் அன்னிக்கு வாசகர்களைக் கூட்டிட்டுப் போய், பஸ் ஸ்டாப்புல இருந்து வரப்பு வரைக்கும் நடக்குறோம். 'கலியமூர்த்தி நடை'ன்னு பேரு வெச்சிருக்கோம். இப்பவே நாப்பது பேர் பேர் குடுத்துட்டாங்க. முன்னாடி நடக்கப்போறது நீங்கதான்."

கலியமூர்த்தியின் வாசகர்கள் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் பார்ப்பது கம்பத்தைத்தான். நாற்பது பேர்! யாழினியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, எல்லை ஒருவேளை மூன்று வருடத்தில் நகர்ந்திருக்குமோ என்ற நப்பாசையில் கரிக்கலாம்பாக்கம் போனேன். கம்பம் அங்கேயேதான் இருந்தது. புதிதாகப் பெயின்ட் வேறு அடித்திருந்தார்கள். ஏழுமலை அண்ணனுக்கு என்னை அடையாளம் தெரிந்தது.

"இன்னாமா, கொழந்த பொறந்துடுச்சா? இன்னும் மனை வாங்கலியா நீ?"

நான் மறுபடியும் கம்பத்தையே பார்ப்பதைக் கண்டு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இந்தக் கம்பத்துல இன்னாதான் கெடக்குது? நீ வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடி ஒரு குடைக்காரரு வந்தாரு. உன்னாட்டமே எல்லை எதுன்னு கேட்டாரு. இதே பதிலத்தான் சொன்னேன். கம்பத்து நம்பர எழுதிக்கினு, 'அந்தப் பொண்ணு வரும், கேட்டா சொல்லு'ன்னுட்டுப் போனாரு."

யாழினி இடுப்பிலிருந்து இறங்கி ஓடி, வாய்க்கால் மதகைத் தாண்டித் தமிழ்நாட்டில் நின்று கைதட்டினாள். அவளைப் பிடிக்க ஓடக்கூட எனக்குத் தோன்றவில்லை. ஏழுமலை அண்ணன்தான் தூக்கி வந்தார்.

அன்று சாயங்காலமே வில்லியனூரில் சார் வீட்டுக்குப் போனேன். கிருஷ்ணவேணி அம்மா மேஜையை அப்படியே வைத்திருந்தார். இழுப்பறையில் பழுப்பு உறைகள் வரிசையாக இருந்தன. நாற்பத்தொன்று என்று எழுதிய உறையும் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. கலியமூர்த்தி இப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்வாரோ அதைச் செய்தேன். உறையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். வாயில் பின் குத்திய இரண்டு ஓட்டைகள். மூடியிருந்த உறைதான். பிறகு யாரோ திறந்திருக்கிறார்கள்.

"அம்மா, இதுல இருந்த பேப்பர்?"

"அவருதான் கிழிச்சாரு. ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னிக்கே. கொலைகாரன் பேரு அதுலதான இருக்குது, இன்னாத்துக்குக் கிழிக்கிறீங்கன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரும்மா?"

"'போவட்டும்டி. அந்தப் பொண்ணு ச. போட்டுடுச்சி'ன்னாரு. சிரிச்சிக்கினேதான் சொன்னாரு."

அவர் நினைவு தெளிவாகத்தான் இருந்திருக்கிறது. எப்போதும் போல எனக்குப் பரீட்சை வைத்திருக்கிறார். நான்தான் வாத்தியாரைப் பார்க்காமல் நோயாளியைப் பார்த்துவிட்டேன். பதினெட்டு களை பிடுங்கியவள், பத்தொன்பதாவதைக் கையில் பிடித்துக்கொண்டே, பயிர் என்று சத்தியம் செய்திருக்கிறேன். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், திருத்தியிருக்கலாம். சொல்லவில்லை. என் 'ச.' எழுத்து பொய்யாகிவிடக் கூடாது என்று, தன் கதையைப் பொய்யாக்கிக்கொண்டார். அப்படித்தான் நான் நினைக்கிறேன். இல்லை, என் மேல் வெறுத்துப் போய்க் கிழித்தாரோ? சிரித்தார் என்று அம்மா சொல்கிறார். எந்த மாதிரிச் சிரிப்பு என்று கேட்டதற்கு, "சிரிப்புல எத்தினி மாதிரிடி இருக்குது?" என்று அதட்டிவிட்டார்.

உண்மையான கொலைகாரன் யார் என்று யாழினிக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் யோசிக்கிறேன். ஆடு மேய்த்த பெண்ணா? நடேசனின் மைத்துனனா? நிஜமாகவே ஒரு காவலர்தானா? ஒவ்வொருவருக்கும் மூன்று நடை நடந்து பார்த்துவிட்டேன். மூவருக்கும் நேரம் பொருந்துகிறது. பிரபுவைக் கேட்டால், "நடைக்கு வெச்சிருக்குற ஞாயித்துக்கிழமை மழை பேயணும்னு வேண்டிக்கோ" என்கிறார்.

நடைக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. பெரிய வரப்பில் நின்று, "இதோ எல்லை" என்று சொன்னால், நாற்பது தலைகளும் கம்பத்தை நோக்கி நிமிரும். உண்மையைச் சொன்னால் மறுபதிப்பில் ச. போகும், அதைக் காப்பாற்றத்தான் சார் அந்தப் பக்கங்களைக் கிழித்தார். சொல்லாவிட்டால் மெட்ராஸ்காரர் ரமணி உள்ளேயே இருப்பார். ஏற்கெனவே மூன்று வருடம் ஆகிவிட்டது. அவருக்கு மனைவியும், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளும் இருப்பதாக ஆறாம் அத்தியாயத்தில் வருகிறது.

வாசகர்களே, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அவரை வெளியே எடுப்பதா, சார் கிழித்ததைக் கிழித்ததாகவே விடுவதா? தயவு செய்து எழுதுங்கள். பதில் சுருக்கமாக இருந்தாலும் போதும். "அப்படியா?" என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள்.